ரீயூனியனில் பழைய சூப்பர் ஹீரோ இதழ்கள்: தேடி வாங்கவும் பூசணமில்லாமல் காக்கவும் முழுமையான வழிகாட்டி

பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ் என்று பேச்செடுத்தால் எல்லோரும் 1938-ல் வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழுக்கோ, 1962-ல் ஸ்பைடர்மேன் முதன்முதலில் தலைகாட்டிய அமேசிங் ஃபேன்டசி 15-க்கோ போய்விடுவார்கள். இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பரண்மேல் கிடப்பவை அவை அல்ல. இங்கே கிடைப்பவை பிரான்ஸில் அச்சான பிரெஞ்சுப் பதிப்புகள், முக்கியமாக லியோன் நகரத்து ல்யூக் பதிப்பகத்தின் மாத இதழ்கள். தீவில் இருந்துகொண்டு அமெரிக்க மூல இதழ்களைத் துரத்தினால் இதழுக்குக் கொடுக்கிற காசை விடத் தபாலுக்கும் வரிக்கும் கொடுப்பது கூடிவிடும். கையெட்டும் தூரத்தில் இருப்பதைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம் என்பது எங்கள் கட்சி. அமெரிக்க இதழ்தான் வேண்டும் என்பவருக்கும் சோதிக்கும் முறையும் காக்கும் முறையும் அப்படியே பொருந்தும்.

எவை, எப்போது வந்தவை

மார்செல் நவாரோவும் ஓகுஸ்த் விஸ்தெலும் 1950-ல் தொடங்கியது ல்யூக். 1969 பிப்ரவரியில் அவர்கள் கொண்டுவந்த ஃபான்டாஸ்க் என்ற இதழில்தான் ஃபன்டாஸ்டிக் ஃபோரும் சில்வர் சர்ஃபரும் பிரெஞ்சு வாசகர்களிடம் வந்து சேர்ந்தார்கள். ஏழே இதழ்கள். சிறுவர் வெளியீடுகளுக்கான 1949 ஜூலை 16 சட்டத்தின் கீழ் இயங்கிய கண்காணிப்புக் குழு நெருக்கவே, அதே ஆண்டு ஆகஸ்டோடு நின்றது. 1970 ஜனவரியில் ஸ்ட்ரேஞ்ச் தொடங்கியது. எக்ஸ்-மென், அயர்ன் மேன், டேர்டெவில் எல்லாம் அதில்தான் வந்தார்கள். அதே ஆண்டு தொடங்கிய மார்வல் என்ற இதழ் 13-ஓடு முடிந்தது. 14-வது இதழ் அச்சாகியும் விற்பனைக்கு வரவில்லை. அதைச் சந்தையில் மலிவாக யாராவது நீட்டினால், அது பிற்கால நகல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பெசியால் ஸ்ட்ரேஞ்ச் (1975), டைட்டன்ஸ் (1976), நோவா (1978), ஸ்பைடி (1979) வரிசையாக வந்தன.

குழுவின் கண்ணில் படாமலிருக்க ல்யூக் ஓவியர்கள் மூலப் படங்களிலேயே கைவைத்தார்கள். அடி விழும் இடத்து ஒலி எழுத்துகளை அழித்தார்கள், குத்தின் வேகக் கோடுகளைச் சுரண்டினார்கள், கோரமான முகங்களைச் சாந்தமாக்கினார்கள். ஒரே பக்கத்தின் அமெரிக்க வடிவத்தையும் ஸ்ட்ரேஞ்ச் வடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், காற்றில் கை வீசிக்கொண்டு நிற்கும் ஆள் ஒருவர் அகப்படுவார். எதிரே பறந்து விழுபவர் ஏன் விழுகிறார் என்றே புரியாது. குறை என்று சொல்வோர் உண்டு, எங்களுக்கு இதுவே இந்தப் பதிப்புகளின் ருசி. அந்தத் திருத்த வேலை பார்த்தவர்களில் ஒருவர் ழான்-ஈவ் மித்தோன். அவரே பின்னர் மிக்ரோஸ் என்ற பிரெஞ்சு சூப்பர் ஹீரோவைப் படைத்தார். சிரோ தோத்தாவின் ஃபோத்தோனிக்கும் மிக்ரோஸும் 1980-ல் முஸ்தாங் 54-வது இதழில் அறிமுகமானார்கள். ஸ்ட்ரேஞ்ச் அட்டைகளில் பலவற்றைத் தீட்டியவர் ழான் ஃப்ரிசானோ.

ல்யூக்குக்கு வெளியே இரண்டு பதிப்பகங்களின் பெயர்கள் போதும். தூர்க்குவானில் இயங்கிய அரெதி, ஹல்க் போன்றோரைக் கைக்கடக்கமான கறுப்பு-வெள்ளை இதழ்களில் வெளியிட்டது. சூப்பர்மேனும் பேட்மேனும் சாஜெதிசியோன் வசம் இருந்தார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: லயன் காமிக்ஸில் படித்த ஸ்பைடர் வேறு, அவர் பிரிட்டிஷ் இதழ்க்காரர். இங்கே லாரென்யே என்று அட்டையில் இருப்பவர்தான் ஸ்பைடர்மேன். வோல்வரின் இங்கே செர்வால், டாக்டர் டூம் ஃபத்தாலிஸ், தி திங் லா ஷோஸ். பெயர் தெரியாமல் தேடினால் பாதி இதழ் கையை விட்டு நழுவும்.

படி 1: இலக்கைச் சுருக்குங்கள்

ஸ்ட்ரேஞ்ச் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட இதழ்கள். முழு வரிசையும் வேண்டும் என்று தொடங்குபவர் பெரும்பாலும் நடுவிலேயே இடமில்லாமல் நிறுத்திவிடுவார். முதல் ஆண்டுக்கு ஒரு சின்ன வட்டம் போதும்: மிக்ரோஸ், ஃபோத்தோனிக் வந்த முஸ்தாங் இதழ்கள், அல்லது நோவாவின் முதல் 50, அல்லது ஃப்ரிசானோ அட்டைகள். எண்களை எழுதி, கைப்பேசியிலும் சட்டைப் பையிலும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இருப்பதையே மறுபடி வாங்குவது இந்தப் பொழுதுபோக்கில் மிகச் சாதாரணம்.

படி 2: எங்கே தேடுவது

வீத்-கிரெனியே எனப்படும் பழம்பொருள் விற்பனைகளே முதல் இடம். ஞாயிறு விடியற்காலையில் வண்டியிலிருந்து பெட்டி இறங்கும்போதே அங்கே நிற்க வேண்டும். ஒன்பது மணிக்குப் போனால் மிஞ்சுவது அட்டை கிழிந்த சமையல் புத்தகங்கள்தான். அடுத்து எம்மவுஸ் என்ற தொண்டு அமைப்பின் பழம்பொருள் கடைகள், பழைய புத்தகக் கடைகள், லெ பொன் க்வான் இணையதள விளம்பரங்கள். விளம்பரத்தில் ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்று மட்டும் தேடாதீர்கள். விற்பவருக்கு இதழின் பெயரே தெரிந்திருக்காது. ‘பழைய சிறுவர் படக்கதை’, ‘பேதே (படக்கதை) பெட்டியோடு’ என்றெல்லாம் போட்டிருப்பார்.

இன்னொரு வழி சொந்தபந்தம். 1970-களில் தீவில் தொலைக்காட்சிக்கு ஒரே ஓர் அலைவரிசைதான். பையன்கள் கையில் இந்த இதழ்கள் சுற்றிச் சுற்றி வந்தன, மாற்றி மாற்றிப் படிக்கப்பட்டன. சேன் ஆந்த்ரே, சேன் பியேர் பக்கத்து வீடுகளில் தீபாவளிக்கு முன் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய பெட்டிகள் வெளியே வரும். குப்பைக்குப் போகும் முன் ஒரு வார்த்தை சொல்லும்படி மாமா, சித்தப்பாக்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தீவில் விற்ற பிரதிக்கு ஓர் அடையாளம் கிடைக்கலாம். 1974 முடியும் வரை இங்கே புழங்கியது சி.எஃப்.ஏ. பிராங்க், பிரெஞ்சு பிராங்க் ஒன்றுக்கு 50. அட்டையில் அச்சான விலைக்குப் பக்கத்தில் பேனாவாலோ முத்திரையாலோ 100, 150 மாதிரி எண் இருந்தால் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். கடைக்காரர் மாற்றிப் போட்ட விலையாக இருக்கலாம். பிரான்ஸ் பெருநிலத்துச் சேகரிப்பாளர் அதை அழுக்கு என்பார். எங்கள் கணக்கில் அது இந்த மண்ணின் முத்திரை. முதல் பக்கத்தில் யாரோ ஒரு பையன் எழுதிய பெயருக்கும் இதே நியாயம்தான். ஆனால் விலை பேசும்போது அது குறைதான், குறைத்தே கேளுங்கள்.

படி 3: கையில் எடுத்துச் சோதிப்பது

எடுத்துப் போக வேண்டியவை: 10 மடங்கு உருப்பெருக்கி, சின்ன டார்ச், 30 செ.மீ. அளவுகோல், ஜிப் பைகள், சில்லறை. சோதிக்கும் முன் கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். கையுறை வேண்டாம், தாளின் விளிம்பு விரலுக்குத் தெரியாமல் கிழித்துவிடுவீர்கள்.

முதலில் மோந்து பாருங்கள். காரமான மண்வாடை வந்தால் பூசணம் உயிரோடு இருக்கிறது. அப்படிப்பட்டதை விலை எவ்வளவு குறைவானாலும் மற்ற இதழ்களோடு ஒரே பையில் போடாதீர்கள்.

அடுத்து முதுகு. ஒட்டப்பட்டதா, கம்பி அடித்ததா என்று பாருங்கள். கம்பி என்றால் கடற்காற்றுத் துரு இருக்கும். துரு கம்பியோடு நின்றால் கவலையில்லை, தாளில் பழுப்பாகப் பரவியிருந்தால் அந்த இடம் இற்றுப்போயிருக்கும், நடுத்தாள் கழன்றுவிடும். ஒட்டிய முதுகு என்றால் இதழை 90 டிகிரிக்கு மேல் விரிக்காதீர்கள். நாற்பது ஆண்டு வயதான பசை பொரிந்து, அந்த இடத்திலேயே இரண்டாகப் பிளக்கும்.

பிறகு பக்கங்களை ஒன்றொன்றாக எண்ணுங்கள். ல்யூக் இதழ்களில் பலவற்றோடு போஸ்டர் இணைப்பாக வந்தது. பையன்கள் அதைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள் என்பதால் போஸ்டரோடு கிடைப்பது அபூர்வம். வெட்டி அனுப்பும் கூப்பன் இருக்கும் பக்கங்களிலும் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். கடைசிப் பக்கத்தில் ‘தெப்போ லெகால்’ என்ற வரியில் பதிவுக் காலம் இருக்கும். அட்டையும் உள்தாளும் ஒரே இதழுக்குரியவைதானா என்று அதை வைத்து ஒப்பிடலாம். இரண்டு சேதமான பிரதிகளைச் சேர்த்து ஒன்றாக்குவது நடக்கிற காரியம்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது தொகுப்பிலிருந்து பிரித்த பிரதிகளில். விற்காமல் திரும்பிய இதழ்களை மூன்று மூன்றாகச் சேர்த்து ஒட்டி, அல்பம் ஸ்ட்ரேஞ்ச் போன்ற பெயரில் ல்யூக் மறுபடி விற்றது. சிலர் அதைப் பிரித்துத் தனி இதழாக விற்கிறார்கள். முதுகில் பசைத் திட்டு இருக்கும், அட்டையில் நீளவாக்கில் உரிந்த கீற்று இருக்கும், மூன்று பக்க விளிம்பும் ஒரே சீராக வெட்டியதுபோல் வெள்ளையாக இருக்கும். அளவுகோலை வையுங்கள், உங்களிடம் உள்ள அதே ஆண்டுத் தனி இதழை விட 2, 3 மி.மீ. குறைந்தால் அது வெட்டப்பட்டது. படிக்க வாங்கலாம், தனி இதழ் விலைக்கு வாங்கக் கூடாது.

நகல் அட்டையா என்று பார்க்க உருப்பெருக்கி வேண்டும். அசலில் வண்ணப் புள்ளிகள் தெளிவாகவும், எழுத்துகள் கறுப்பு மையில் புள்ளியின்றி அழுத்தமாகவும் இருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் எழுத்தின் விளிம்பே புள்ளிகளாகச் சிதறியிருக்கும். பேனாவால் நிறம் தொட்டிருந்தால் புள்ளிகளுக்கு நடுவே சமனான திட்டு தெரியும். புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். பின்னாளில் ஒட்டிய தாளும் பசையும் சுற்றியுள்ள தாளிலிருந்து வேறாக ஒளிரும். அட்டை முழுவதும் ஒரே மாதிரி ஒளிர்வதை மட்டும் வைத்து நகல் என்று முடிவு கட்டாதீர்கள், 1970-களின் தாளிலும் வெண்மையூட்டி உண்டு.

படி 4: விலையும் பார்சலும்

விளம்பரத்தில் கேட்கிற விலை விலையே அல்ல. இணையத்தில் உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள், அதுவும் அதே நிலையில் உள்ள பிரதிக்கு. ‘ட்ரே போன் எத்தா’ (மிக நல்ல நிலை) என்று விற்பவர் எழுதினால் அதற்கு ஒரு படி கீழேயே கணக்கிடுங்கள். முதுகு, நான்கு மூலை, போஸ்டர் மூன்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். பெட்டியாக விற்பவரிடம் ஒன்றிரண்டைப் பொறுக்காமல் மொத்தமாக விலை பேசுவதே லாபம். தேவையில்லாதது மாற்றிக்கொள்ள உதவும்.

பெருநிலத்திலிருந்து வரவழைத்தால் இரண்டு விஷயம். ஒக்த்ருவா தெ மேர் என்ற தீவின் இறக்குமதி வரி உட்பட வரி பார்சல் மீது விழலாம், எனவே வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டும் முறையையும் நீங்களே எழுதி அனுப்புங்கள்: ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் பையில், மொத்தத்தையும் இதழை விட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிய இரண்டு கனத்த அட்டைகளுக்கு நடுவே, அட்டையின் அலைவரி ஒன்றுக்கொன்று குறுக்காக. வெறும் குமிழி உறையில் வந்தால் மூலை மடங்காமல் வராது.

படி 5: வீட்டுக்குள் விடும் முன்

புதிதாக வந்ததை நேராகச் சேகரிப்போடு வைக்காதீர்கள். கரப்பான் முட்டையும் இராமபாணப் பூச்சியும் முதுகுப் பசையில் ஒளிந்து வரும். இதழ் உலர்வாக இருந்தால் ஜிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. 24 மணி நேரம் அப்படியே விட்டால் நீர்த்துளி பைக்கு வெளியே படியும். உடனே திறந்தால் அதே துளி தாளில் இறங்கும்.

பூசணம் இருந்தால் முதலில் மின்விசிறி ஓடும் உலர்ந்த அறையில் இரண்டு மூன்று நாள் நிறுத்தி வையுங்கள். பூசணம் காய்ந்து பொடியான பின், எஃப்.எஃப்.பி.2 முகக்கவசத்தோடு வெளித் திண்ணையில், மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் தாளுக்குள் அப்பிக்கொள்ளும். இந்தத் தீவில் எதற்கெடுத்தாலும் ஜாவெல் நீரை (ப்ளீச்) தெளிப்பது பழக்கம், தாளுக்கு அது விஷம். வெயிலில் காய வைப்பதும் கூடாது, ஒரே மதியத்தில் சிவப்பு வெளிறும். பழைய செலோடேப்பை உரிக்காதீர்கள். வாடை மட்டும் மிச்சமிருந்தால் மூடிய பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவோடு, தாளில் படாமல், பத்து நாள் வையுங்கள்.

படி 6: வைக்கும் இடம்

இங்கே சேகரிப்பைக் கொல்வது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூசணம் முளைக்கும். நீங்கள் பிடித்து வைக்க வேண்டியது 45 முதல் 55. மழை கொட்டும் கிழக்குக் கரையில், சேன் பெனுவா பக்கம், கருவி இல்லாமல் இது முடியாது. சேன் லே போன்ற மேற்குக் கரையில் சற்று எளிது, ஆனால் அங்கே வெயிலும் உப்பும் உண்டு.

ஈரமானி ஒன்று வாங்கி முதலில் அதைச் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடி உப்பில் சில துளி நீர் விட்டு ஈரமணல்போல் ஆக்கி, ஈரமானியோடு ஜிப் பையில் 12 மணி நேரம் மூடி வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

அறைக்கு: சேமிப்பறையை மூடி, ஈரமுறிஞ்சும் இயந்திரத்தை 50-ல் வைத்து ஓட விடுங்கள். தனி அறை இல்லாதவருக்கு ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டிகள் போதும், ஒவ்வொன்றிலும் 200 முதல் 300 கிராம் சிலிக்கா ஜெல். இதில் பலர் செய்யும் பிழை, ஈரமான இதழை அப்படியே உள்ளே வைத்து மூடுவது. தாள் தன் எடையில் கணிசமான ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், மூடிய பெட்டியில் அதுவே வெளிவந்து, புழுங்கல் அரிசி அவித்த அண்டாபோல் உள்ளே வேர்க்கும். எனவே ஈரம் குறைந்த அறையில் ஒரு வாரம் காற்றாட வைத்த பிறகே பெட்டி. ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையாக இருக்கட்டும், நீல வகையில் கோபால்ட் உண்டு. நிறம் மாறியதும் மின்னடுப்பில் (ஓவன்) 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும்.

உறைக்கு: பாலிப்ரொப்பிலீன் போதும், விலைமதிப்புள்ளதற்குப் பாலியெஸ்டர். பி.வி.சி. கூடாது, நாளடைவில் பிசுபிசுத்து அட்டை மையை இழுத்துக்கொள்ளும். அமெரிக்க இதழுக்கென்று விற்கும் பைகள் பிரெஞ்சு இதழ்களுக்குப் பொருந்தும் என்று நம்பி நூறு வாங்காதீர்கள். இதழை அளந்து அகலத்தில் 1 செ.மீ. கூட்டி வாங்குங்கள். இதழின் பின்னால் தாங்கலுக்கு அமிலமில்லாத அட்டை. உறையின் வாயை ஒட்டாமல் மடித்து மட்டும் விடுங்கள், பசைப்பட்டை இதழை எடுக்கும்போது அட்டையில் ஒட்டும்.

பெட்டியைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், வெளிச்சுவரில் ஒட்டாமல் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழுள்ள பரண் வேண்டவே வேண்டாம். அந்துருண்டையும் வேப்பிலையும் போடுவது பாட்டி காலத்து வழக்கம். ஓலைச்சுவடிக்கு அது சரியாக இருந்திருக்கலாம். அந்துருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், பச்சையிலை தாளில் கறை விடும்.

படி 7: பதிவும் புயலும்

இதழ் பெயர், எண், பதிவுக் காலம், நிலை, போஸ்டர் உண்டா, கொடுத்த விலை, எந்தப் பெட்டி என்று ஓர் அட்டவணை போதும். முன்னட்டைப் படத்தோடு அதை இணையத்தில் ஒரு பிரதி சேமியுங்கள். வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருள் அடங்குமா என்று ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். நஷ்டம் கேட்கும் நாளில் இந்தப் பட்டியல்தான் பேசும்.

1980-ல் இயாசேந்த், 1989-ல் ஃபிரிங்கா, 2002-ல் தினா, 2025 பிப்ரவரியில் காரான்ஸ் என்று இந்த இதழ்களின் ஆயுளுக்குள் வந்த புயல்கள் பல. பழைய பிரதிகளில் அடிப்பக்கத்தில் அலைபோல் ஓடும் பழுப்புக் கோடு அப்படியொரு வெள்ளத்தின் வரியாக இருக்கலாம். மஞ்சள் எச்சரிக்கை வந்ததுமே, ஆரஞ்சுக்குக் காத்திராமல், பெட்டிகளைக் கனத்த பிளாஸ்டிக் பைக்குள் இரட்டையாகக் கட்டி, சன்னல் இல்லாத உள்ளறையில் மேசைமேல் ஏற்றுங்கள். மின்சாரம் போய் இயந்திரம் நின்றாலும் பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள், மூடியிருக்கும் வரை உள்ளே நிலைமை பல நாள் மாறாது.

நனைந்துவிட்டால் 48 மணி நேரம்தான் கணக்கு, அதற்குள் பூசணம் தொடங்கிவிடும். பக்கங்களைப் பிரிக்க முயலாதீர்கள், நனைந்த தாள் தன் எடைக்கே கிழியும். பளபளப்பான அட்டைதான் பெரிய ஆபத்து. இரண்டு அட்டை ஒட்டியபடி காய்ந்தால் பிறகு எந்த வித்தையாலும் பிரியாது. ஈரமாக இருக்கும்போதே அட்டைக்கு உள்ளும் வெளியும் கேக் சுடப் பயன்படும் ஒட்டாத தாள் செருகுங்கள். நிறைய நனைந்திருந்து உறைபெட்டி ஓடுகிறதென்றால், ஒவ்வொன்றாகப் பையில் போட்டு உறைய வைத்து, நேரம் கிடைக்கும்போது இரண்டிரண்டாக எடுங்கள். உடனே உலர்த்துவதானால் வலைமேல் படுக்க வைத்து, பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத சமையலறைத் தாள் செருகி, முதல் நாள் இரண்டு மணிக்கொரு தரம் மாற்றுங்கள், மின்விசிறி நேராக இதழ்மேல் அடிக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கட்டும். தொட்டால் குளிர்ச்சி தெரியாத நிலைக்கு வந்ததும், இரண்டு மரப்பலகைக்கு நடுவே ஐந்து கிலோ எடை வைத்து ஒரு வாரம் அழுத்துங்கள். குளிர்ச்சி மிச்சமிருக்கும்போதே எடையை ஏற்றினால் நடுப்பக்கங்களில் பூசணம் வரும்.